சாய்த்து வைத்த பட்டை

மணி ராத்திரி ஒன்றே முக்கால். ரன்வே வேலியை ஒட்டிப் போகிற ரோடு. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் இடுப்புயரப் புல். காற்றில் எப்போதும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. அந்த ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது... ஓட்டிப் போகிறவர் என் நண்பனின் அக்கா புருஷன்.

போன வாரம் எங்கள் மொட்டை மாடியில் இதைச் சொன்னேன். கரண்ட் போய் மூன்று மணி நேரம். ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். எங்கள் பில்டிங்குக்கு மேலாகத்தான் விமானங்கள் கிளம்பிப் போகும். ஒவ்வொன்றும் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே வந்ததும் வலது பக்கம் திரும்பும். நாலாவது மாடி டெய்லர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாமே ஏன் சார் ஒரே இடத்துல திரும்புது? மேல என்ன ரோடா போட்டு வெச்சிருக்கான்?"

ரோடுதான். கண்ணுக்குத் தெரியாத ரோடு. அதை விளக்கப் போய்த்தான் கதை ஆரம்பித்தது. முடித்த பிறகு யாரும் தனியாகப் படியிறங்கவில்லை. எழுதிப் போடுங்கள் என்றார்கள். எனக்கு எழுத்து வராது. நண்பன் என்னிடம் சொன்னதை அப்படியே வைக்கிறேன்.

நண்பனின் அத்தான் ஏர்போர்ட் டவரில் கன்ட்ரோலர். விமானம் எப்போது கிளம்ப வேண்டும், கிளம்பி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிற வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் ஸ்கேல். எது கோணலாக இருந்தாலும் அவர் கை தானாகப் போய் நேராக்கிவிடும். முதல்முதலாக நண்பன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கிடந்த பதினோரு ஜோடி செருப்பையும் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாராம். நண்பனின் அம்மா, "தம்பி, அது செருப்புப்பா, பட்டாளம் இல்ல," என்றாராம். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவரில் இருந்த காலண்டரை நேராக்கினார்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். டவரில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை உண்டு. ஒரு சாண் நீளம். விமானத்தின் நம்பர், போகிற ஊர், கொடுத்த ரூட் எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, மேஜையில் இருக்கிற தகரப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். தள்ளினால் 'சரக்' என்று ஒரு சத்தம். பட்டை நேராக இருந்தால் அந்த விமானத்துக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒரு முனையை இழுத்துச் சாய்த்து வைத்திருந்தால்... இவனுக்கு இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பேச நேரமில்லாத இடம். சாய்த்து வைத்தால் போதும்.

அந்த ராத்திரி மேகம் தாழ்ந்து கிடந்தது. ஒன்றரை மணிக்குக் காற்று திசை மாறியது. காற்று மாறினால் விமானங்கள் ரன்வேயின் எதிர்முனையிலிருந்து கிளம்ப வேண்டும். அப்போது ரூட்டும் மாறும். பழைய ரூட் என்னவென்றால், மேலே ஏறியதும் இடது பக்கம் திரும்பு. அந்த முனையிலிருந்து கிளம்பினால் இடது பக்கம் வெட்டவெளி. எதிர்முனையிலிருந்து கிளம்பினால் அதே இடது பக்கத்தில் குன்று.

முந்தின ஷிப்டில் இருந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. காத்திருந்த ஐந்து விமானங்களில் நான்குக்குப் புது ரூட் சொல்லிவிட்டாள். ஐந்தாவது ஒரு சரக்கு விமானம். அதில் இரண்டே பேர். அவர்கள் இன்னும் எதிர்முனைக்கு வந்து சேரவில்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டையைச் சாய்த்து வைத்தாள். மணி இரண்டு. ஷிப்ட் மாறுகிற நேரம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஸ்கேல் படியேறி வந்தார். அவள் காற்று, மேகம், ரன்வே எல்லாம் சொல்லிவிட்டு எழுந்தாள். பட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. அதுதான் சாய்ந்து கிடக்கிறதே... அவர் பார்க்காமலா இருப்பார்?

அவர் உட்கார்ந்தார். டம்ளரை நகர்த்தினார். பேனாவை நேராக வைத்தார். கை தானாகப் போயிற்று.

சரக்.

இரண்டு பத்துக்கு அந்தச் சரக்கு விமானம் ரன்வே முனையில் வந்து நின்றது. ரேடியோவில் ஒரு 'கிளிக்'. பிறகு பைலட்டின் குரல். நிஜத்தில் இதெல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கும், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"டவர், ரெடி. வேற ஏதாவது இருக்கா?"

எதிர்முனைக்கு மாற்றியிருக்கிறார்களே, ரூட்டும் மாறுமே என்று அந்த ஆளுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால்தான் கேட்டான். ஸ்கேல் பலகையைப் பார்த்தார். எல்லாப் பட்டைகளும் நேராக இருந்தன.

"ஒண்ணும் இல்ல. போங்க."

விமானம் ஏறியது. விளக்கு மேகத்தைத் தொடுகிற இடத்தில் இடது பக்கம் சாய்ந்தது. ஸ்கேல் எழுந்தே விட்டார்.

"வலது பக்கம் திரும்புங்க! உடனே! வலது!"

"நீங்க குடுத்த ரூட் இதுதானே, டவ..."

அவ்வளவுதான். குன்றுப் பக்கம் மேகத்துக்குள் ஒரு ஆரஞ்சு வெளிச்சம்... வந்தது, தணிந்தது. சத்தம் ரொம்ப நேரம் கழித்துத்தான் டவர் கண்ணாடியில் வந்து மோதியதாம்.

மாடியில் இந்த இடத்தில் ஒரு விமானம் மேலே போனது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அது வலது பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்தோம். கீழ்வீட்டு அம்மா மட்டும், "சார், இது பேய்க் கதைதானே? பேய் எப்ப வரும்? வந்துட்டா நான் கண்ண மூடிக்குவேன்," என்றார்.

வரும்மா என்றேன்.

விசாரணை நடந்தது. அவள் சொன்னாள்: "நான் சாய்ச்சு வெச்சிட்டுத்தான் எழுந்தேன்." அவரைக் கேட்டார்கள். அவருக்கு வீடு, இரண்டு பெண்கள், இருபத்திரண்டு வருஷ நல்ல பேர். "நான் பார்த்தப்போ நேராத்தான் இருந்தது," என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் பார்க்கும்போது நேராகத்தான் இருந்தது. கை முந்திவிட்டது, கண் பிந்திவிட்டது. ஆனால் கை போனது அவருக்குத் தெரியும். விரல் நுனிக்கு அந்தச் 'சரக்' தெரியும்.

வாயால் சொல்லாமல் போனது அவள் குற்றம் என்று எழுதினார்கள். அவளை டவரிலிருந்து இறக்கி, வண்டி நிறுத்துவதற்குப் பாஸ் எழுதிக் கொடுக்கிற கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை.

விசாரணை முடிந்த மூன்றாவது வாரம். அவருக்கு அதே ஷிப்ட். பலகையில் ஒரு பட்டைகூட இல்லை. ஒரு விமானமும் இல்லாத நேரம். மணி இரண்டு பத்து.

கிளிக்.

"டவர், ரெடி. வேற ஏதாவது இருக்கா?"

பைனாகுலரை எடுத்து ரன்வே முனையைப் பார்த்தார். காலி. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இரைச்சல்... பிறகு டவர் கண்ணாடிகள் வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அதிர ஆரம்பித்தன. ஒரு கண்ணாடி, அடுத்த கண்ணாடி, அதற்கடுத்தது. ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஓடி ஏறிப் போகிறது. இடது ஓரக் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. பூட்டிய அறைக்குள் மண்ணெண்ணெய் வாசனை. கூடவே ஈரப்புல் கருகுகிற வாசனை.

மறுநாளும் வந்தது. இந்தத் தடவை அவர் தயாராக இருந்தார். மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

"இருக்கு. ரூட் மாறியிருக்கு. மேல ஏறினதும் வலது பக்கம் திரும்பணும். வலது பக்கம்."

"வலது பக்கம். சரி டவர். நன்றி."

குரல் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நிம்மதியாக இருந்ததாம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

கண்ணாடி அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... இடது பக்கம் போனது.

அதற்கப்புறம் எல்லா ராத்திரியும் இதுதான். அவர் சொல்வார். அது கேட்டுக்கொள்ளும், திருப்பிச் சொல்லும், நன்றி சொல்லும். இடது பக்கம் போகும். வேறு வார்த்தைகளில் சொல்லிப் பார்த்தார். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கிளம்பாதே, அங்கேயே நில் என்றுகூடச் சொன்னார். "சரி டவர், நிக்கிறேன்," என்றது. கண்ணாடி அதிர்ந்தது.

ரேடியோவில் பேசுவதெல்லாம் டேப்பில் பதிவாகும். மேலதிகாரி ஒருநாள் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். டேப்பில் இவர் குரல் மட்டும்தான். இடையிடையே வெறும் இரைச்சல்.

"யாருக்குங்க ரூட் குடுக்குறீங்க, இந்நேரத்துல? காக்காவுக்கா?" என்று கேட்டார் மேலதிகாரி. பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் உடம்பைக் காரணம் காட்டி இவரையும் டவரிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

டவரை விட்டால் போதும் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. காலையில் நண்பனின் அக்கா வாசலைத் திறந்தார். செருப்புகள் எல்லாம் அத்தான் அடுக்கியபடி வரிசையாக இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அவருடையது. அவர் நேராக வைத்தார். மறுநாள் அலமாரியில் அவர் சாப்பிடுகிற தட்டு. அதற்கு மறுநாள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. தினமும் ஏதோ ஒன்று. தினமும் ஒன்றே ஒன்று.

"பூனையா இருக்கும்," என்றார் அக்கா.

"பூனை என் சாமானா பொறுக்கி எடுக்குது?"

இன்னும் ஒரு வார்த்தை பாக்கி. அவருக்கு அது புரிந்துவிட்டது. பைலட்டுக்குத்தான் தினமும் சொல்லியாயிற்றே. அப்படியென்றால் பாக்கி வேறு யாருக்கோ.

பாஸ் கவுண்டருக்குப் போனார். அவள் ஜன்னலுக்குப் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் வண்டிக்காரர்கள் வரிசை. இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"வண்டி நம்பர் சொல்லுங்க சார்."

"நான்தாம்மா நேரா வெச்சேன். என் கைதான்."

ஸ்டாம்ப் நடுவழியில் நின்றது. பிறகு குத்தினாள்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"படியில இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டுச்சு. சரக்குன்னு. அதுக்குள்ள பைலட்கிட்ட சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன். திரும்பி வந்து கேட்டிருக்கலாம். ரெண்டு படிதான் இறங்கியிருந்தேன்."

பின்னால் ஒருத்தர், "யோவ், சீக்கிரம் நகருய்யா," என்று கத்தினார்.

"நான் எழுதிக் குடுத்துடறேம்மா. உன் பேரு சுத்தமாயிடும். நீ திரும்ப மேல போகலாம்."

அவள் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எழுதிக் குடுத்தா அந்த ரெண்டு பேரும் வலது பக்கம் திரும்பிடுவாங்களா சார்?"

இன்னொரு பாஸில் ஸ்டாம்ப் குத்திவிட்டு அவளே மெதுவாகச் சொன்னாள். "இருந்தாலும் எழுதுங்க. என் பையனுக்கு ஆறு வயசு. நாளைக்கு ஸ்கூல்ல யாராவது சொல்லித்தானே அவனுக்குத் தெரியும்... உங்க அம்மா ரெண்டு பேரைக் கொன்னவள்னு."

எழுதினார். ஒரே பக்கம். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தார். பெரிய பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும் என்று வைத்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் கடிதமும் பை மாறியது. இப்படி எட்டு மாதம். எட்டு மாதமும் இரண்டு பத்துக்குக் 'கிளிக்' கேட்டது. சில ராத்திரி ஃபேனிலிருந்து, சில ராத்திரி தலையணைக்கு அடியிலிருந்து. எழுந்து உட்கார்ந்து இருட்டைப் பார்த்து, "வலது பக்கம் திரும்பணும்," என்று சொல்லிவிட்டுப் படுப்பார். அக்கா காதைப் பொத்திக்கொள்வார்.

ஒன்பதாவது மாதம் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி. பெரிய வார்டு, இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு கட்டில்கள். எல்லாம் சக்கரம் வைத்த இரும்புக் கட்டில். ராத்திரி துணைக்கு நண்பன் இருந்தான். பத்து மணி இருக்கும், அவர் கடிதத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"காலையில முதல் வேலையா ஆபீஸ்ல குடுத்துடு. அக்காகிட்ட காட்டாதே."

"நீங்களே குடுங்க அத்தான். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்னு டாக்டர் சொன்னாரே."

"கட்டில் எல்லாம் நேரா இருக்கா பாரு," என்றார் அவர்.

பார்த்தான். கோடு போட்ட மாதிரி இருந்தன. அவர் தூங்கிப்போனார்.

நண்பன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டான். எதனால் விழித்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. வார்டில் ஒரே மருந்து வாசனைதான் இருந்தது. இப்போது அதில்... மண்ணெண்ணெய். கதவுக்கு மேலே ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி. வயர் அறுந்து தொங்குகிறது, அவன் சாயங்காலமே பார்த்திருந்தான்.

அதில் 'கிளிக்' என்றது.

இரைச்சல். இரைச்சலுக்குள் ஏதோ பேச்சு மாதிரி... அவனுக்குச் சொல் பிடிபடவில்லை. நின்றுவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றுவிட்டது.

அத்தான் கண் திறக்கவில்லை. நல்ல தூக்கம். உதடு மட்டும் அசைந்தது. இத்தனை மாதமும் தவறாமல் சொன்ன ரூட்டை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. பழக்கம்தான் பேசியது.

"ஒண்ணும் இல்ல. போங்க."

ஜன்னல் கண்ணாடி வலது ஓரத்திலிருந்து அதிர ஆரம்பித்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நண்பன் எழுந்து அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினான். கடைசிக் கண்ணாடி நின்றபோது அவர் மூச்சும் நின்றிருந்தது. நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு நேரம் எழுதினாள். இரண்டு பதினொன்று.

விடிந்ததும் அக்கா வந்தார். அழுகைக்கு நடுவில் அவன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார். வாங்கிப் படித்தார். படித்து முடித்தபோது அழுகை நின்றிருந்தது.

"இதை யாருக்குடா குடுக்கப்போற?"

"அத்தான் சொன்னாருக்கா..."

"அவரு போயிட்டாரு. பொண்ணுங்க இருக்குதுங்க. ரெண்டையும் உன் வீட்டுல வெச்சுக்குவியா?"

நான்காக மடித்திருந்த மடிப்பிலேயே கிழித்தார். ஒரு கோணல் இல்லாமல் நான்கு துண்டு. கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு உடம்போடு வண்டியில் ஏறிவிட்டார். என் நண்பன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் இன்றைக்கும் அதே ஜன்னலுக்குப் பின்னால்தான் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருக்கிறாள். அவன் அந்தப் பக்கம் போவதில்லை.

ஃப்ளாஸ்க்கையும் போர்வையையும் எடுக்க அவன் வார்டுக்குத் திரும்பிப் போனான். உடம்பை எடுத்துப் போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவருகிலேயே நின்றுவிட்டான்.

பதினொரு கட்டில்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தன. அத்தானின் காலிக் கட்டில் மட்டும் ஒரு முனை வெளியே இழுத்து... சாய்ந்து நின்றது. குனிந்து பார்த்தான். நான்கு சக்கரத்திலும் பூட்டு போட்டபடியே இருந்தது. தரையில் இழுத்த தடம் இல்லை.

அவனுக்குப் பின்னால் வார்டு ஆள் புதுப் படுக்கை விரிப்போடு வந்தான்.

"யாருய்யா இதை இப்படிக் கோணலா விட்டது?"

நண்பன் வாயைத் திறந்தான். அதற்குள் அந்த ஆள் காலால் பூட்டுகளை எடுத்துவிட்டு, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினான்.

சரக்.

கட்டில் வரிசையில் நேராகப் போய் நின்றது. அவன் விரிப்பைப் போட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒருத்தரைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.